யூதாசின் கால்களும் கழுவப்பட்டன

கடவுளுக்கு எல்லாம் முன்னமே தெரியும் எண்டால், தன்னை ஏற்கவே போகாத ஆளுக்காகவும் கிறிஸ்து ஏன் சாகவேணும்? வாலிபர் கூட்டங்களில் இதைக் கேட்டால், பெரும்பாலும் "அது தேவரகசியம் தம்பி" எண்ட பதிலோட கதை முடிஞ்சிரும். ஆனா இந்தக் கேள்வியால ஒரு நாடே ரெண்டுபட்டிருக்கு.

நெதர்லாந்து இறையியலாளர் ஆர்மீனியஸ் 1609 இல் இறந்தார். யார் விசுவாசிப்பார்கள் என்பதை முன்னறிந்தே கடவுள் தெரிவு செய்கிறார் என்பது அவருடைய நிலைப்பாடு. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்று அவரைப் பின்பற்றியவர்கள் 1610 இல் மனுக் கொடுத்தார்கள். 1618–1619 இல் டோர்ட் நகரில் கூடிய சினொட் இரண்டையும் நிராகரித்தது. தெரிவு கடவுளின் சித்தம் மட்டுமே. சிலுவை உண்மையில் மீட்பது தெரிந்துகொள்ளப்பட்டவர்களைத்தான் என்றது. அரசியலும் கலந்திருந்தது. ஆர்மீனியஸ் பக்கத்தவரை ஆதரித்த தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே மாதம் தலை வெட்டப்பட்டார்.

எங்களுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரின் சபை டோர்ட் தீர்மானங்களை ஏற்ற சபை. 1814 இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிமாரோ கிருபை எல்லாருக்கும் எண்டு நம்பின ஆக்கள்.

டோர்ட்காரரைக் கொடூரர் ஆக்கிறது லேசு. அது நியாயமில்லை. கிறிஸ்துவின் மரணம் முழு உலகத்தின் பாவத்துக்கும் போதுமான பெறுமதி உடையது, சுவிசேஷம் எல்லாருக்கும் அறிவிக்கப்படவேண்டும் என்று அவர்களும் சொன்னார்கள். மனுசனின் முடிவில் இரட்சிப்புத் தங்கினால் அது கிருபையாக இராது என்பதே அவர்களின் பயம். அந்தப் பயம் எனக்கு விளங்குது.

ஆனா யோசிச்சுப் பாருங்கோ. ஊருக்கே காணும் அளவு சோறாக்கி, எல்லாரையும் கூப்பிட்டு, ஆருக்குப் பரிமாறுறது எண்டு முதலே முடிவெடுத்து வைச்சால், அந்த அழைப்புக்கு என்ன அர்த்தம்? சாகக் கிடக்கிற ஒருவரின் கையைப் பிடிச்சு "கிறிஸ்து உங்களுக்காக மரித்தார்" எண்டு ஒரு போதகர் சொல்லலாமா? டோர்ட்டின்படி அவருக்கு அது நிச்சயமாத் தெரியாது. என்னைப் பொறுத்தவரை பிரச்சினை இங்கதான் இருக்கு.

ஆர்மீனியஸின் பதிலும் எனக்கு முழுசாக் காணாது. முன்னறிவை வைச்சுத் தெரிவு செய்தால், ரிசல்ட் பாத்துப்போட்டு அனுமதி குடுக்கிற ஆள் மாதிரிக் கடவுள் ஆகிறார். முன்னறிவு எங்கட சுதந்திரத்தைப் பறிக்காது என்பதை ஆறாம் நூற்றாண்டிலேயே, சிறையில் இருந்தபடி போயிதியஸ் விளக்கினார். கடவுளுக்கு எல்லாக் காலமும் நிகழ்காலம். நீங்கள் நடக்கிறதை நான் பாக்கிறதால நீங்கள் நடக்கேல்ல. சரி. ஆனா மறுக்கப்போறவனுக்காக ஏன் சாகவேணும் எண்ட கேள்வி அப்பிடியே நிக்குது.

பதிலை நான் யோவான் 13 இல் தேடுறன். யூதாஸ் காட்டிக்கொடுப்பான் எண்டு இயேசுவுக்குத் தெரியும். அவன் எழும்பிப் போக முதலே சீஷர்களின் கால்களைக் கழுவினார். யூதாசைத் தள்ளி வைச்சதாக எழுதப்படவில்லை. கால் கழுவினது சிலுவை இல்லைத்தான்; ஆனா சிலுவைக்குப் போனவரின் மனசு எப்படிப்பட்டது எண்டு அது காட்டுது. முன்னறிவு அவருடைய அன்புக்கு எல்லை போடேல்ல. மறுக்கப்படும் எண்டு தெரிஞ்சும் கொடுக்கிறதுதானே கிருபை? ஒருவன் அதை வாங்காமல் போகலாம். அதுக்காக அது அவனுக்கு வைச்சதில்லை எண்டு ஆகாது.

இது சினொட்டுக்குள்ள முடிஞ்ச வாதம் இல்லை. குடிச்சுத் திரியிறவரை, கோயிலுக்கு வராமல் விட்டவரை, "அது திருந்தாது, விடுங்கோ" எண்டு எங்கட சபைகளில் எவ்வளவு லேசாச் சொல்லுகினம். எல்லாம் தெரிஞ்சவர் யூதாசை விலக்கேல்ல. நாளைக்கு என்ன நடக்கும் எண்டே தெரியாத நாங்கள் ஆரை விலக்கிறம்?