உடனிருப்பது உதவியாகாது

மகப்பேற்றுக்குப் பின் வாரக்கணக்கில் நீடிக்கும் துயரம், குற்றவுணர்வு, உறக்கக்குலைவு ஆகியவை சேர்ந்த பேறுகால மனச்சோர்வு தனிக்குடித்தனத்தால் விளைந்த நகர நோய் என்றும், மாமியாரும் தாய்வீடும் அருகிருந்தால் அது அண்டாது என்றும் கூறும் வாதம் சான்றுகளின் முன் நிற்பதில்லை. தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மாரைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வு, சுமார் 11 விழுக்காட்டினரிடம் அது புதிதாகத் தோன்றியதைக் கண்டதோடு, வறுமை, ஆண்மகவை விரும்பிய வீட்டில் பெண் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, வேலையில் கைகொடுக்க ஆளின்மை ஆகியவற்றை அதன் இடர்க்காரணிகளாகக் காட்டியது. மாறாக, பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் பயிற்சி பெற்ற கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று, எதிர்மறை எண்ணங்களை இனங்கண்டு மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சையை அளித்தபோது, அது பெறாதவர்களைவிட மனச்சோர்வு பாதியளவுக்கும் கீழே இருந்ததை 2008இல் வெளியான ஆய்வு நிறுவியது. எனவே தேவைப்படுவது குடும்பப் பெருமிதம் அன்று, தடுப்பூசி நாளிலேயே தாயின் மனநிலையையும் விசாரிக்கும் பொதுச் சுகாதார ஏற்பாடே.