அணுகுண்டு விழுந்தால் அள்ளப்போவது யார்?

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மீம் வந்தது. காளான் வடிவில் புகை, கீழே சிரிப்புப் பொம்மைகள், 'ஒரே குண்டு, கதை முடிஞ்சது' என்று ஒரு வரி. அனுப்பியவர் என் சித்தப்பா. நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்காதவர்.

எனக்குக் கோபம் வந்தது. ஆங்கிலக் கட்டுரைகளின் லிங்க் நான்கைத் தூக்கிப் போட்டேன். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் அவரிடமே போனில் பேசினேன். ஹிரோஷிமாவில் ஒரு காலைப் பொழுதில் என்ன நடந்தது, மருத்துவர்களும் செவிலியர்களுமே பெரும்பாலும் மாண்டும் காயம்பட்டும் கிடந்தபோது எஞ்சியவர்கள் தண்ணீருக்காக எப்படி அலைந்தார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் கேட்டார்: "ஏன்டா தம்பி, அப்போ அந்த ஊரை யாருடா அள்ளுனா?"

முனைவர் பட்ட ஆய்வுக்காக எத்தனையோ புத்தகங்களைப் புரட்டியவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அணு ஆயுத ஒழிப்பைப் பற்றிப் பேசினாலே நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: "வேங்கைவயலுக்கே நியாயம் கிடைக்கல, இதுல ஹிரோஷிமாவா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அணுகுண்டு பிறக்கும் இடத்திலிருந்து பார்த்தால், அதுவும் நம்முடைய பிரச்சினைதான் என்பது விளங்கும்.

1967 முதல் இந்தியா யுரேனியம் தோண்டும் ஜாதுகோடா, ஜார்க்கண்டில் சந்தால், ஹோ ஆதிவாசிகளின் நிலம். அமெரிக்கா 1946 முதல் 1958 வரை 67 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது மார்ஷல் தீவு மக்களின் மண்ணிலும் கடலிலும். பிரிட்டன் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நிலத்தைத் தேர்ந்தெடுத்தது. பிரான்ஸ் முதலில் அல்ஜீரியாவையும் பிறகு பாலினேசியத் தீவுகளையும் தேர்ந்தெடுத்தது. எவரும் தங்கள் தலைநகருக்குப் பக்கத்தில் வெடித்துப் பார்க்கவில்லை. யாருடைய உடல் மலிவானது என்று முடிவு செய்யும் அதிகாரம்தான் அணுகுண்டின் முதல் மூலப்பொருள். அந்த அதிகாரத்தை நமக்குத் தெரியாதா என்ன?

ஹிரோஷிமாவில் செத்தவர்களில் ஆயிரக்கணக்கான கொரியர்களும் இருந்தார்கள். ஜப்பானியக் காலனியாதிக்கம் கட்டாய வேலைக்கு இழுத்து வந்தவர்கள் அவர்களில் பலர். 1970இல் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டபோது, அது அமைதிப் பூங்காவுக்குள் வரவில்லை, வெளியேதான் நின்றது. 1999இல்தான் உள்ளே கொண்டுவரப்பட்டது. ஒரே குண்டில் செத்தவர்களுக்கும் ஊர் வேறு, சேரி வேறு என்று இருபத்தொன்பது ஆண்டுகள்.

இன்னொரு கணக்கும் நம்மிடம் பாக்கி இருக்கிறது. 1974இல் பொக்ரானில் இந்தியா வெடித்த முதல் குண்டுக்கு வைத்த பெயர் 'சிரிக்கும் புத்தர்'. 1998இல் மீண்டும் வெடித்த மே 11, புத்த பூர்ணிமை நாள். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு தழுவிய புத்தரின் பெயரைத்தான் பேரழிவு ஆயுதத்தின் மேல் எழுதினார்கள். இயக்குநர் ஸ்ரீபிரகாஷ் 1999இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'ஜாதுகோடாவில் புத்தர் அழுகிறார்'. சரியான பதில் அது.

சரி, இணையத்தில் எழுதி என்ன ஆகப்போகிறது?

1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் 23 தொழிலாளர்கள் மேல் விழுந்தது. கதிர்வீச்சுப் பயத்தில் சந்தையில் மீன் விற்கவில்லை. டோக்கியோவின் சுகினாமி பகுதியில் மீன் வியாபாரிகளும் இல்லத்தரசிகளும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுவதும் அது 3 கோடி கையெழுத்தைத் தாண்டியது. அந்த அலையில்தான் 1956இல் அணுகுண்டால் பாதிக்கப்பட்டோரின் அமைப்பான நிஹோன் ஹிடாங்க்யோ பிறந்தது. அவர்கள் 2016இல் தொடங்கிய கையெழுத்து இயக்கம் தாளிலும் இணையத்திலும் சேர்த்து 1 கோடியே 37 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டியது. 2017இல் 122 நாடுகளின் வாக்குகளோடு அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் நிறைவேறியது; 2021 ஜனவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. வங்கதேசமும் மாலத்தீவும் இலங்கையும் அதில் இருக்கின்றன. இந்தியா பேச்சுவார்த்தைக்குக்கூடப் போகவில்லை.

"பாகிஸ்தான் வைத்திருக்கிறதே" என்பார்கள். சிப்ரி நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170 குண்டுகள். இத்தனை இருந்தும் 2025 மே மாத மோதலை அவை தடுக்கவில்லை. ஆயுத ஒழிப்பு நடக்காத காரியமும் அல்ல. தன்னிடமிருந்த ரசாயன ஆயுதங்கள் அனைத்தையும் சர்வதேச ஒப்பந்தத்தின்படி 2009இல் அழித்து முடித்த நாடு இதே இந்தியா.

நம்முடைய குறை என்ன? ஆகஸ்ட் 6 அன்று ஹேஷ்டேக், 7ஆம் தேதி மறதி. நமக்குள்ளேயே பகிர்ந்து நமக்குள்ளேயே லைக் போட்டுக்கொள்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். என் நான்கு லிங்குகள் அசைக்காத மனிதரை, தமிழில் பேசிய பத்து நிமிடம் அசைத்தது. எனவே மூன்று வேலைகள்.

ஒன்று, பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியங்களைத் தமிழில், பேச்சு மொழியில், இரண்டு நிமிடக் குரல் பதிவாகவோ காணொளியாகவோ ஆக்குவோம். அது நம் பக்கங்களோடு நிற்காமல் குடும்பக் குழுக்களுக்குப் போகட்டும். திட்ட வேண்டாம், கேட்க வைப்போம்.

இரண்டு, ஒவ்வொரு பதிவிலும் 'இதை நிறைவேற்று' என்று கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். பாரிஸ், பெர்லின், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகர மன்றங்கள் ஒப்பந்தத்தை ஆதரித்து அறிவித்தது உள்ளூர் மக்கள் கேட்டதால்தான். நம்மிடம் கிராம சபை இருக்கிறது. ஆகஸ்ட் 6இல் தொடங்கும் பரப்புரை ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரு தீர்மானமாக முடியட்டும். ஆதரவு என்பது அப்போது எண்ணிக் காட்டக்கூடியதாகும்.

மூன்று, பணத்தைக் கேள்வி கேட்போம். நெதர்லாந்தின் பெரிய ஓய்வூதிய நிதியான ஏபிபி, அணு ஆயுத நிறுவனங்களிலிருந்து முதலீட்டைத் திரும்பப் பெறுவதாக 2018இல் அறிவித்தது. நம் வரிப்பணம் குண்டுக்கு எவ்வளவு, மலக்குழியில் மனிதன் இறங்காமல் இருக்க எந்திரத்துக்கு எவ்வளவு என்று நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பெயர் சொல்லிப் பொதுவெளியில் கேட்போம்.

'தேசத்துரோகி' என்பார்கள். சாதியை எதிர்த்துப் பேசியபோதும் அதைத்தான் சொன்னார்கள்.

சித்தப்பா அந்த மீமை நீக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, ஒரு வரி எழுதினார்: "போட்டா நாமதான் அள்ளணும்." அதற்குப் பிறகு அந்தக் குழுவில் குண்டைப் பற்றி யாரும் சிரிக்கவில்லை.