காணிக்கைப் பணமும் கேள்வி கேளாத மந்தையும்

“தண்டனையும் முடிந்தது, மன்னிப்பும் கிடைத்தது, பழையதை இனிக் கிளறுவானேன்?” என்று கேட்கும் பக்தர் நம்மிடையே பலர். சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் இக்கேள்வியே முன்வந்து நம் வாயை அடைக்கப் பார்க்கிறது. அன்பர்காள்! மன்னிப்பு வேறு, விளைவு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர் வேதத்தைப் படித்தவருமல்லர்; உலகத்தைப் பார்த்தவருமல்லர்.

தாவீது அரசன் பத்சேபாளைக் கவர்ந்து, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்வித்தான். பின்னர் மனங்கசிந்து அழுதான், மன்னிப்பும் பெற்றான். ஆயினும் நடந்ததென்ன? பிறந்த குழந்தை மாண்டது. மூத்த மகன் தங்கையைக் கெடுத்தான். அவனை மற்றொரு மகன் கொன்றான். கொன்றவன் தகப்பனுக்கெதிராகவே படை திரட்டினான். அப்படையில் மாண்ட ஆயிரக்கணக்கான குடிமக்கள் பத்சேபாளின் முகத்தைக்கூடக் கண்டிரார்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1989-ம் ஆண்டில் கொங் ஹீ தொடங்கிய சபை அது. தம் மனைவியார் சன் ஹோவின் பாட்டுகளின் வழியே உலகோருக்கு நற்செய்தி எட்டும் என்பது அவர் சொன்ன காரணம். அதற்காகக் கட்டிட நிதியிலிருந்து 2 கோடியே 40 லட்சம் வெள்ளி போலிக் கடன்பத்திரங்களில் போடப்பட்டது. அதை மறைப்பதற்கு மேலும் 2 கோடியே 60 லட்சம் வெள்ளி கைமாற்றிச் சுற்றிவிடப்பட்டது. 2015-ம் ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி கொங் ஹீயும் அவரோடு ஐவரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. பணம் பின்னர் சபைக்குத் திரும்பியது. அவர்கள் அதைத் தம் பைகளில் போட்டுக்கொள்ளவில்லை என்று நீதிமன்றமே கூறிற்று. உண்மைதான். ஆனால் கட்டிடத்துக்கென்று கொடுத்தவனைக் கேளாமல் அவன் காசைப் பாட்டுக்குச் செலவிடும் அதிகாரத்தை யார் தந்தார்? சபையைவிட்டு ஆயிரக்கணக்கானோர் விலகினர். அவர்களிற் சிலர் வேறெந்தச் சபையின் வாசலையும் மிதிக்கத் துணியாராயின், அந்த இழப்பை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

இதிலும் நம்மை வாட்டுவது வேறொன்று. 2003-ம் ஆண்டிலேயே சபையைச் சேர்ந்த ஒருவர் இப்பணத்தைப் பற்றிப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். கேட்டவரே பின்னர்ப் பத்திரிகைகளில் மன்னிப்புக் கோர நேர்ந்தது! அரசினர் விசாரணை தொடங்கியதோ 2010-ம் ஆண்டில். இடையில் ஏழாண்டுகள். இத்தகைய வேளைகளில் தலைவர்களின் கைக்குக் கேடயமாவது, “கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதே” என்னும் வாசகம். தாவீதும் அபிஷேகம் பெற்றவனே. நாத்தான் தீர்க்கதரிசி அதற்காக வீட்டில் அடங்கியிருந்தாரா? அரண்மனைக்குள் நேரே சென்று, குற்றவாளி நீயே என்று முகத்துக்கெதிரே சொன்னார். அரசனும் அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

சட்டமும் இங்கே தலைகுனிந்தது. கொங் ஹீயின் எட்டாண்டுத் தண்டனை 2017-ல் மூன்றரை ஆண்டாகக் குறைந்தது. காரணம் யாதெனில், பழைய சட்டத்தின் கடுமையான பிரிவு நிர்வாகத் தலைவர்களுக்குப் பொருந்தாதென்று கண்டதே. 2018-ல் உச்ச மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதிசெய்தது. நம்பிக்கை மோசடி செய்த குமாஸ்தாவுக்கு 15 ஆண்டுவரை சிறை. தலைவருக்கோ ஏழாண்டே உச்சம்! 2019-ல் நாடாளுமன்றம் இக்குறையை நீக்கிற்று. லேவியராகமத்தின் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள்: சாதாரண மனிதன் அறியாமல் பாவஞ்செய்தால் ஒரு பெண்ணாடு போதும், ஆசாரியன் செய்தாலோ ஒரு காளை வேண்டும். சபை முழுவதும் சேர்ந்து பாவஞ்செய்தாலும் அதே ஒரு காளைதான். ஒருவனுடைய தவற்றை ஊர் முழுவதன் தவற்றோடு சமன் வைத்துத் தராசு பிடித்தவர்கள் அந்தப் பழங்காலத்து மேய்ப்பர்கள்.

“அது சீனர் சபையன்றோ, நமக்கென்ன?” என்று சிராங்கூன் சாலைத் தமிழர் சிரிக்க இடமில்லை. அச்சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் நிர்வாகத்தில் கடுஞ்சீர்கேடு இருந்ததென 2018-ல் அறநிறுவன ஆணையர் அறிவித்தார். 1827-ல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் தலைமை அர்ச்சகர், 2016 முதல் 2020 வரை அம்மனின் நகைகளை மீண்டும் மீண்டும் அடகுவைத்து இருபது லட்சம் வெள்ளிக்கு மேல் பெற்றார். கணக்கெடுப்பு நெருங்கும்போது ஒரு நகையை வைத்து மற்றொன்றை மீட்பது அவர் உபாயம். 2023-ல் ஆறாண்டுச் சிறை கிடைத்தது. சபைக் கடன்பத்திரத்துக்கும் அம்மன் நகைக்கும் உபாயம் ஒன்றே: ஒரு குழியை மூட மற்றொரு குழி. தோட்டங்களில் பால்வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்துக் கோயிலும் சபையும் எழுப்பிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். அந்தக் காசின் அருமை நமக்குத் தெரியவில்லையாயின் வேறு யாருக்குத் தெரியும்?

சீலோவின் ஆசாரியனான ஏலி திருடவில்லை. பலியிட வந்தவர்களின் பானையில் மூன்று கூருள்ள முள்ளைக் குத்தி இறைச்சி எடுத்தவர்கள் அவர் மக்களான ஓப்னியும் பினெகாசும். ஏலி அறிந்திருந்தார், மெதுவாகக் கடிந்தார், அதோடு விட்டார். தலைமுறைகள் பல கழிந்தபின், சாலொமோன் அரசன் ஏலியின் வழிவந்த அபியத்தாரை ஆசாரியப் பணியிலிருந்து நீக்கி, ஆனதோத்திலுள்ள வயலுக்குப் போகச் சொன்னான். அதோனியாவின் பக்கம் சேர்ந்த குற்றம் அபியத்தாருடையதே. ஆயினும், சீலோவில் ஏலியின் வீட்டைப்பற்றிச் சொல்லப்பட்டது அன்று நிறைவேறிற்று என்றே வேதம் குறித்து வைக்கிறது. மெதுவாகக் கடிந்து விட்டுவிடும் அறங்காவலர்களே, மூப்பர்களே! உங்கள் உண்டியலின் சாவி இன்று எத்தனை பேர் கையில் இருக்கிறது? அடுத்த பொதுக்கூட்டத்தில் அதைக் கேட்க எழுந்து நிற்பவனை உட்காரச் சொல்வீர்களா, பதில் சொல்வீர்களா?