மா: ஓர் எழுத்து, பல வழிகள்

தமிழில் ஓரெழுத்து ஒருமொழி என்று ஒரு வகை உண்டு. ஒரே எழுத்து தனித்து நின்று முழுச் சொல்லாகிவிடும். நன்னூல் இவற்றை 42 என்று கணக்கிடுகிறது. அவற்றுள் பொருள் மிகுந்த ஒன்று 'மா'. மாமரம், விலங்கு, குதிரை, பெருமை, திருமகள், அரைத்த மாவு என்று அகராதி அடுக்கிக்கொண்டே போகும். இருபதில் ஒரு பங்குக்கும் மா என்றே பெயர். 20 மா நிலம் ஒரு வேலி என்பது தஞ்சைப் பக்கத்து அன்பர்களுக்குத் தெரிந்த கணக்கு. யாழ்ப்பாணத்தார் அரிசி மா, கோதுமை மா என்று சொல்வார்கள். நாம் குடியிருக்கும் இந்தத் திருவனந்தபுரத்திலோ தோசைக்கு அரைத்ததும் 'மாவு', முற்றத்தில் நிற்கும் மாமரமும் 'மாவு'.

இவ்வளவு வளமான சொல்லை வைத்துக்கொண்டு நம்மில் சிலர் செய்யும் வாதம் ஒன்று உண்டு. "இந்தியில் மா என்றால் தாய். சீனத்திலும் மா என்றால் தாய், குதிரையும் மாதான். தமிழிலும் குதிரைக்கு மா என்று பெயர். ஆகவே எல்லாம் இங்கிருந்து போனதே!" விழா மேடைகளில் இதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. இந்தப் பழக்கம் தமிழுக்கு நன்மை செய்யாது என்பது என் கருத்து.

நான் ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிலாஸ்பூர் என்ற ஊர் சத்தீஸ்கரில் இருக்கிறது. இமாசலப் பிரதேசத்திலும் இருக்கிறது. பெயர் ஒன்றுதானே என்று ஒன்றுக்கு டிக்கெட் எடுத்து மற்றதில் போய் இறங்க முடியுமா? நடுவே தண்டவாளம் உண்டா என்றல்லவா பார்க்க வேண்டும்? சொல்லுக்கும் அப்படித்தான். யார் கொண்டு போனார்கள், எப்போது, எந்த வழியாக என்று கேட்க வேண்டும்.

சீனத்தின் பொதுமொழியில் 'மா' என்பதை நான்கு விதமாக ஒலிக்கலாம். குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துத் தாய், சணல், குதிரை, திட்டு என்று பொருள் மாறும். இவை நான்கும் வெவ்வேறு எழுத்துகளால் எழுதப்படும் வெவ்வேறு சொற்கள். இத்தாலியில் 'மா' என்றால் 'ஆனால்'. பிரெஞ்சில் 'என்னுடைய' என்பதன் பெண்பால் வடிவம். இரண்டும் லத்தீனில் வெவ்வேறு சொற்களிலிருந்து வந்தவை. வடமொழியில் 'வேண்டாம்' என்று தடுப்பதும் மா; திருமகளும் மா. மாதவன் என்ற பெயருக்கு அந்தத் திருமகளைக் கொண்டு பொருள் சொல்வதும் உண்டு. நம் அகராதியில் உள்ள 'திருமகள்' என்ற பொருள் அங்கிருந்து இங்கு வந்தது. ஆக, வண்டி இரு திசையிலும் ஓடியிருக்கிறது.

தாயைக் குறிக்கும் சொற்கள் ஒத்திருப்பதற்கும் காரணம் உண்டு. உதடுகளை மூடித் திறந்தாலே வருவது 'ம'கரமும் 'அ'கரமும். எந்த நாட்டுக் குழந்தைக்கும் அது எளிது என்று மொழியியலறிஞர் ரோமன் யாகப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். அந்த ஒலிக்கு யாரைப் பொருளாக்குவது என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும். நமக்கு 'மாமா' தாயின் உடன்பிறந்தவர். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை!

அப்படியானால் நம்முடைய 'மா' எங்கும் போகவில்லையா? போயிருக்கிறது, தடமும் இருக்கிறது. மாவின் காய் மாங்காய்; மலையாளத்தில் மாங்ங. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்ச்சுகீசியர் இக்கரையில் கேட்டதை 'மாங்கா' என்றார்கள். அதிலிருந்து ஆங்கிலத்தின் 'மேங்கோ' பிறந்தது. மலாய் மொழியின் 'மங்கா' தமிழ் வழியாகப் போனது. ஆனால் அதே போர்ச்சுகீசியத்தில் சட்டைக் கைக்கும் 'மாங்கா' என்றே பெயர். அது லத்தீன் வழி வந்தது. நம் மாங்காய்க்கும் அதற்கும் உறவில்லை. நம் பேரப்பிள்ளைகள் படிக்கும் ஜப்பானியப் படக்கதையின் பெயரான 'மாங்கா'வுக்கும் இல்லை. ஒலி ஒன்றாக இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், வெளியே மலையாளமும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியுமாக வளர்கிறார்கள். நாம் சொல்வதை அவர்கள் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார்கள். சீனக் குதிரை தமிழ்க் குதிரை என்ற கதை பொய் என்று தெரிந்தால், கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போனது உண்மை என்று நாம் சொல்லும்போதும் நம்பமாட்டார்கள். தமிழில் பற்றுக் குறைந்தது பிள்ளைகளின் குற்றம் என்று பிறகு வருந்திப் பயனில்லை.

அடுத்த ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டியோடு இதையும் சேர்க்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு சொல் கொடுப்போம். தான் அறிந்த மொழிகளிலெல்லாம் அதற்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று தேடி வந்து சொல்லட்டும். தமிழிலிருந்து போனதையும் தமிழுக்கு வந்ததையும், தொடர்பே இல்லாததையும் பிரித்துச் சொல்லும் பிள்ளைக்கே பரிசு கொடுப்போம். பெற்றோரும் உடன் உட்கார்ந்து தேடினால் இன்னும் நல்லது.