சிவப்பு விளக்கு எரியும் வரைக்கும் காத்திருக்காதீங்க

கார் சாவியைத் திருப்பினதும் டேஷ்போர்டுல வரிசையா சில விளக்குகள் எரிஞ்சு அணையும். அதுல ஒண்ணு எண்ணெய்க் குடுவை மாதிரி இருக்கும், மூக்கு நுனியில ஒரு சொட்டோட. அது ஆயில் பிரஷர் விளக்குன்னு மெக்கானிக்கல் பசங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அது எப்போ எரியும்? இந்தக் கேள்வியை என் கிளாஸ்ல நாலு பேர்கிட்ட கேட்டேன். நாலு பேரும் சொன்ன பதில் ஒண்ணுதான்: "ஆயில் குறைஞ்சா."

இல்லை. பெரும்பாலான கார்களில் எண்ணெய் அழுத்தம் கிட்டத்தட்ட 0.3 இலிருந்து 0.5 பாருக்குக் கீழே போனாத்தான் அந்த சுவிட்ச் வேலை செய்யும். நெடுஞ்சாலை வேகத்தில் 3 பார் இருக்க வேண்டிய அழுத்தம் பாதியா இறங்கினாலும் விளக்கு வாயே திறக்காது. அது வாயைத் திறக்கும்போது பேச்சு முடிஞ்சு போயிருக்கும்.

போன வருஷம் திண்டிவனம் தாண்டினதும் எங்க அப்பாவோட பழைய மாருதி 800இல் அந்த விளக்கு எரிஞ்சுது. அப்பா உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைச்சுட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனாலும் பிக் எண்ட் பேரிங் போயிருந்தது. மெக்கானிக் அண்ணன் அந்த பேரிங் ஷெல்லை உள்ளங்கையில வச்சுக் காட்டினார். மேல் பூச்சு தேய்ஞ்சு செம்பு நிறம் தெரிஞ்சுது. "இது இன்னிக்கு ஆனது இல்ல தம்பி. ரொம்ப நாளாவே தேய்ஞ்சிருக்கு. யாருக்கும் தெரியல." பில் கட்ட அப்பா சீட்டுப் பணத்தை எடுத்தார்.

அதுக்கப்புறம்தான் நான் அந்த காருக்கு ஒரு மீட்டர் பாட் செய்ய ஆரம்பிச்சேன். தனியா வாங்கின மூணு வட்ட மீட்டர்களை டேஷ்போர்டு மேல, ஓட்டுறவரைப் பார்த்த மாதிரி உட்கார வைக்கிற ஒரு கூடு. ஆயில் பிரஷர், தண்ணி சூடு, பேட்டரி வோல்ட். 52 மி.மீ. விட்டம்தான் இந்த மாதிரி மீட்டர்களுக்குப் பொதுவான அளவு. மூணு ஓட்டை, ஒரு பெட்டி, ஒரு வார வேலைன்னு நினைச்சேன். நாலு மாசம் ஆச்சு.

முதல் கூட்டை கேட்ல வரைஞ்சேன். ஓட்டை 52.0. மீட்டர் 52.0. காலேஜ் லேப் பிரிண்டர்ல பி.எல்.ஏ.வில் அச்சடிச்சேன். மீட்டர் உள்ளே போகலை. போகாதுதான். 52.0 ஓட்டைக்குள்ள 52.0 உருளை எப்படிப் போகும்? அது போதாதுன்னு, இந்த வகை பிரிண்டர்ல ஓட்டை எப்பவும் வரைஞ்சதைவிடக் கொஞ்சம் சின்னதாத்தான் வரும். ரெண்டாவது வருஷம் லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ்ல ஹெச்7, ஜி6ன்னு டேபிள் பார்த்துக் கணக்குப் போட்டு முழு மார்க் வாங்கினவன் நான். அந்தக் கணக்கு எதுக்குன்னு அன்னிக்கு அரத்தை வச்சுத் தேய்ச்சப்போதான் புரிஞ்சுது.

தேய்ச்சு மாட்டினேன். அழகா இருந்தது. ஏப்ரல் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துக்கு வெளியே வெயில்ல காரை நிறுத்திட்டு சாப்பிடப் போனோம். திரும்பி வந்தா கூடு வாடின வாழையிலை மாதிரி முன்பக்கம் தொங்குது. பி.எல்.ஏ. 60 டிகிரி பக்கம் வந்தாலே இளக ஆரம்பிச்சிடும். கண்ணாடி ஏத்தின கார் டேஷ்போர்டு நம்ம ஊர் வெயில்ல அதைச் சுலபமாத் தாண்டும். 'கிளாஸ் டிரான்சிஷன் டெம்பரேச்சர்' ரெண்டு மார்க் கேள்வி. நானும் எழுதியிருக்கேன்.

ரெண்டாவது கூடு ஏ.பி.எஸ்.ஸில். அது 105 டிகிரி பக்கம் வரைக்கும் தாங்கும். ஆனா எங்க லேப் பிரிண்டர் மூடாத பிரிண்டர். ஃபேன் காத்துல அடுக்கு அடுக்கா விரிசல் விட்டுது.

மூணாவதுதான் நின்னுது. அதை டிங்கரிங் ஷாப்ல ஒரு அண்ணன் சொல்லிக் கொடுத்தார். 6 மி.மீ. பிளைவுட்ல மூணு வளையம். 51 ஹோல் சாவால துளைச்சு, எமரி ஷீட்ல தேய்ச்சு, மீட்டர் இறுகாம ஆடாம போற அளவுக்குக் கொண்டு வரணும். டேஷ்போர்டு மேல மாஸ்கிங் டேப், அதுக்கு மேல அலுமினியம் ஃபாயில், அதுக்கு மேல ஃபைபர் துணியும் ரெசினும். வளையங்களை ஓட்டுநர் சீட்ல உட்கார்ந்து பார்த்து, சாய்வு சரியானதும் ஒட்டி, மேல துணி இழுத்து மறுபடி ரெசின். அப்புறம் பட்டி, தேய்ப்பு, பட்டி, தேய்ப்பு. ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊத்தினேன்னு கப்பே புகைய ஆரம்பிச்சுது. "ரெசின் அவசரப்படாதுடா, நீதான் அவசரப்படுற"ன்னார் அண்ணன்.

வயரிங் இன்னொரு பாடம். ஜப்பான் வடிவமைப்பு எஞ்சின்கள்ல ஆயில் சுவிட்ச் மரை பொதுவா 1/8 பி.எஸ்.பி.டி. நான் வாங்கின சென்சார் 1/8 என்.பி.டி. ஒண்ணு இஞ்சுக்கு 28 மரை, 55 டிகிரி; இன்னொண்ணு 27 மரை, 60 டிகிரி. முதல் ரெண்டு சுத்து சுகமாப் போகும். அப்புறம் கசியும். சரியான அடாப்டர் வாங்கி, கசியக் கூடாதுன்னு டெஃப்லான் டேப்பைத் தாராளமாச் சுத்தினேன். மீட்டர் தாறுமாறாக் காட்டுச்சு. ஒத்தை வயர் சென்சாருக்கு எஞ்சின் உடம்புதான் எர்த். அந்த வழியை என் டேப்பே அடைச்சிடுச்சு.

இப்போ நான் சொல்ல வர்ற விஷயம். இது கார் பற்றின கட்டுரை இல்லை.

மூணாவது வருஷம் எங்க மினி பிராஜெக்டை நாங்க செய்யலை, வாங்கினோம். நாலு பேர், தலைக்கு 3,000 ரூபாய். ரிப்போர்ட், பி.பி.டி., வேலை செய்யற மாடல், வைவா கேள்வி பதில் எல்லாம் சேர்த்து. நல்ல மார்க்கும் வந்தது. அந்த மாடல்ல ஒரு வயரைப் பிடுங்கி "இது எதுக்கு?"ன்னு யாராவது கேட்டிருந்தா என்னால பதில் சொல்லியிருக்க முடியாது. யாரும் கேட்கலை. இதைப் படிக்கிற உங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரிஞ்ச கதைன்னு எனக்குத் தெரியும். நீங்க முகம் திருப்ப வேண்டாம், நானும் அதே வரிசையில நின்னவன்தான்.

நம்ம செமஸ்டர் ரிசல்ட் ஒரு ஆயில் விளக்கு. அரியர் வந்தாத்தான் எரியும். எரியாத வரைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்னு வீட்லயும் நினைக்கிறாங்க, நாமளும் நினைக்கிறோம். உள்ளே என்ன அழுத்தம் ஓடுதுன்னு காட்ட ஒரு முள் கிடையாது. எனக்கு அந்த முள்ளாக இருந்தது இந்தக் கூடுதான். 8.2 சி.ஜி.பி.ஏ. காட்டாததை ஒரு 52 மி.மீ. ஓட்டை காட்டிக் கொடுத்தது.

அதனால என் கருத்து இதுதான்: இந்த நாலு வருஷத்துல ஒரே ஒரு பொருளையாவது கையால செய்யுங்க. அது வேற ஒண்ணுக்குள்ள பொருந்தியே ஆகணும்ங்கற பொருளா இருக்கணும். மார்க்குக்கு சலுகை கேட்கலாம், ரிவால்யுவேஷன் போடலாம். பொருந்தாத பொருள்கிட்ட கெஞ்ச முடியாது.

"பிளேஸ்மென்ட் நேரத்துல இதுக்கெல்லாம் நேரம் எங்க?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். நானும் ஆப்டிட்யூட் புக்கோடதான் டிங்கரிங் ஷாப்ல உட்கார்ந்திருந்தேன். ரெசின் காய காத்திருக்கற நேரம் நிறைய இருக்கு. "எங்க வீட்ல காரே இல்லை"ன்னு சொல்றவங்க கேள்வி இன்னும் நியாயம். கார் தேவையில்லை. அம்மாவோட மிக்ஸி ஜாருக்கு ஒரு கப்ளர், ஹாஸ்டல் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், அப்பா ஸ்கூட்டர்க்கு ஒரு பிராக்கெட். எனக்கு மீட்டர்களும் சென்சார்களும் சேர்ந்து 4,500 ஆச்சு. உங்களுக்கு 200 ரூபாய்ல முடியலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களே, உங்களுக்கும் இது உண்டு: வேற யாரோ தினமும் பயன்படுத்தற ஒரு புரோகிராம், அது நின்னா உங்களுக்கு போன் வரணும்.

யாராவது கூடு செய்யப் போறீங்கன்னா மூணு விஷயம். ஏர்பேக் விரியற பாதையில வைக்காதீங்க. எங்க 800இல் ஏர்பேக் இல்லை, உங்க கார்ல இருக்கும். ரோடு மறைக்கிற உயரத்துல வைக்காதீங்க. பவர் எடுக்கற வயர்ல ஃபியூஸ் இல்லாம இக்னிஷனைப் போடாதீங்க. இன்னொரு குட்டி விஷயம், ரேஸ் கார்காரங்க பழக்கம்: மீட்டரைச் சுழற்றி, சரியான அளவுல எல்லா முள்ளும் நேரா மேல பார்க்கிற மாதிரி மாட்டுங்க. எண்ணைப் படிக்கவே வேண்டாம். ஒரு முள் சாய்ஞ்சா கண்ணுக்குத் தட்டும்.

எங்களுக்குத் தட்டுச்சு. ஜூன் மாசம் ராத்திரி ஹெட்லைட் போட்டு வர்றப்போ 14 பக்கம் நிக்க வேண்டிய வோல்ட் முள் 12.3க்கு சாய்ஞ்சிருந்தது. சார்ஜ் விளக்கு எரியவே இல்லை. பானெட்டைத் திறந்தா ஆல்டர்னேட்டர் பெல்ட் தொய்ஞ்சு கிடந்தது. பத்து நிமிஷ வேலை. அப்பா ஒண்ணும் சொல்லலை. மறுநாள் காலையில் வண்டி எடுக்கும்போது மூணு முள்ளையும் பார்த்துட்டு எடுத்தார். இப்பவும் பார்த்துட்டுத்தான் எடுக்கிறார்.

இந்த வருஷம் ஃபைனல் இயர் பிராஜெக்ட். வாங்கலாமான்னு டீம்ல பேச்சு வந்தது. ரெண்டு நாள் சண்டை. கடைசியில நாங்களே செய்யறோம்: ஆயில் பிரஷரை நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு பண்ற ஒரு சின்ன லாகர். ரெண்டாவது ரிவ்யூ வருது, அது இன்னும் ஒழுங்கா ஓடலை. ஹாரன் அடிச்சா அளவு எகிறுது. பக்கத்து டீமோடது பளபளன்னு ஓடுது, அது எங்கிருந்து வந்ததுன்னு எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு மார்க் குறையலாம். ஆனா எந்த வயரைப் பிடுங்கிக் கேட்டாலும் இந்தத் தடவை பதில் இருக்கு. ஏன் ஓடலைங்கறதுக்கும் பாதி பதில் இருக்கு.

கூட்டோட கேட் ஃபைலை மட்டும் கேட்காதீங்க, உங்க காருக்குப் பொருந்தாது. ஆனா எமரி ஷீட் ஒரு கட்டு மிச்சம் இருக்கு. எப்ப வேணா வந்து வாங்கிக்கோங்க.