திறந்த பாத்திரத்துக்குப் பயப்படும் சட்டம்

பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் மதுரைத் திருநகருக்குத் திரும்புகிற பிள்ளைகள், ஊரைப் பற்றிச் சொல்கிற குறைகளில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அங்கே கண்ணெதிரே காய்ச்சி, குழாயைத் திருப்பி ஊற்றுகிற பீர் கிடைக்கிறது. இங்கே கம்பிக் கதவுக்குள் பணத்தை நீட்டினால் கடைக்காரர் எடுத்து வைப்பதுதான் பிராண்டு. "கிரவுலர்ல புடிச்சுக் குடுக்கிற கடை மதுரைக்கு எப்ப மாமா வரும்?" என்கிறார்கள். கொழுப்பு என்று சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் நம் மதுச் சட்டம் எதைக் கண்டு பயப்படுகிறது என்பது தெரியவருகிறது. குடிக்காதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

கிரவுலர் என்பது இறுக்கமான மூடி போட்ட கனத்த கண்ணாடி ஜாடி. அமெரிக்க அளவில் 64 அவுன்ஸ், இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே தகர வாளியைக் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பி பீர் வாங்கிவரச் சொன்ன வழக்கத்தின் மறுபிறவி இது. 1989-இல் வயோமிங் மாநிலத்தில் ஓட்டோ பிரதர்ஸ் என்ற சின்ன ஆலை, பாட்டிலில் அடைக்கும் எந்திரம் வாங்க வசதியில்லாததால் கண்ணாடி ஜாடியில் பீர் பிடித்து விற்கத் தொடங்கியது. பழக்கம் ஆலையிலிருந்து கடைக்கு நகர்ந்தது. 2010-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் டுவேன் ரீட் என்ற மருந்துக் கடைச் சங்கிலியே பீர்க் குழாய் வைத்தது. தலைவலி மாத்திரை விற்கிற இடத்திலேயே தலைவலிக்கான காரணத்தையும் விற்றார்கள்.

நிரப்புகிற விதத்தில் ஒரு நேர்த்தி இருக்கிறது. வெறுமனே குழாயைத் திறந்து ஜாடியைப் பிடித்தால் பாதிக்கு மேல் நுரைதான் நிற்கும். காற்றில் உள்ள ஆக்சிஜன் கலந்து, மறுநாளே ருசி செத்துவிடும். அதனால் நிரப்பும் நிலையத்தில் ஜாடியின் வாயைக் கருவியில் பூட்டி, முதலில் கார்பன் டை ஆக்சைடை உள்ளே விட்டு இருக்கிற காற்றை விரட்டுகிறார்கள். ஜாடிக்குள் அழுத்தம் பீப்பாயின் அழுத்தத்துக்குச் சமமானதும் வால்வைத் திருப்ப, பீர் சத்தம் போடாமல் ஏறுகிறது. நிரம்பியதும் அழுத்தத்தை மெதுவாக இறக்கி மூடியைத் திருகிவிட்டால், குளிர்ச்சியில் வைத்திருந்தால் சில வாரங்கள் கெடாது. மூடியைத் திறந்தபின் இரண்டு நாளுக்குள் குடித்து முடித்து, ஜாடியைக் கழுவி, அதே கடைக்கு எடுத்துப் போக வேண்டும்.

வாடிக்கையாளர் தன் பாத்திரத்தைக் கொண்டுவருகிறார், கடைக்காரர் எல்லோர் கண்முன்னும் அளந்து ஊற்றுகிறார். இவ்வளவுதான் ஏற்பாடு. இதற்குள்ளும் சட்டம் மூக்கை நுழைக்காமல் இல்லை. ஃபுளோரிடாவில் 32 அவுன்ஸ் ஜாடியும் 128 அவுன்ஸ் ஜாடியும் செல்லும், நடுவிலுள்ள 64 மட்டும் கூடாது என்று 2015 வரை விதி இருந்தது. நம் ஊர் அரசாணைகளைப் படித்து நொந்தவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

இந்தியாவில் கிரவுலருக்குக் கதவு திறந்தது கொரோனா. 2020 மே மாதம் கர்நாடகம், மைக்ரோபுரூவரி எனும் சிறு பீர் ஆலைகளின் தொட்டிகளில் தேங்கிக்கிடந்த பீர் வீணாகிவிடக் கூடாது என்று, ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை பார்சல் கொடுக்க அனுமதித்தது. அடுத்த சில வாரங்களில் மகாராஷ்டிரமும் அதே வழிக்கு வந்தது. இரண்டு இடத்திலும் விற்றது காய்ச்சியவரேதான். சாதாரண மதுக்கடையில் குழாய் வைக்கிற அளவுக்கு அந்த அனுமதி போகவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அரசின் மது நிறுவனமான டாஸ்மாக் 1983-இல் மொத்த வியாபாரத்துக்காக உருவானது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகு மிஞ்சியவை 4,829. 2024–25-இல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். இந்தப் பெரிய கட்டுமானம் முழுக்க ஒரே ஒரு பொருளின் மீது நிற்கிறது: சீல் வைத்த பாட்டில். வரி பாட்டிலின் மீது, முத்திரை ஸ்டிக்கர் பாட்டிலின் மீது, அச்சிட்ட விலை பாட்டிலின் மீது, கணக்கு பாட்டிலின் எண்ணிக்கையில். பாட்டிலில் அடைபடாத எதுவும் இந்தக் கணக்குப் புத்தகத்துக்குள் வராது. அளந்து ஊற்றுவதென்றால் யாரோ ஒருவரின் கையை நம்பியாக வேண்டும்.

பாட்டிலில் அடங்காத ஒரு பானம் நம்மிடம் இருந்தது. கள்ளை மரத்திலிருந்து இறக்கிய அன்றே குடித்தாக வேண்டும். புளிப்பு ஏறிக்கொண்டே போகும், அடைத்து வைத்தால் பொங்கும். ஏறியவர் கலயத்திலிருந்து வாங்குபவர் கொண்டுவந்த செம்பிலோ பட்டையிலோ அளந்து ஊற்றினார். கிரவுலர்காரர்கள் இன்று பெருமையாகச் சொல்கிற புதுசு, உள்ளூர்ச் சரக்கு, மறுபடி பயன்படும் பாத்திரம் என்ற மூன்றும் பனைமரத்தடியில் இருந்தவைதான். கள்ளுக்கடைக்குத் தனிக்கொடி பறந்த ஊர் மதுரை என்பதை மதுரைக்காஞ்சி பதிந்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடையில் இருக்கிறது. கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு, யாழ்ப்பாணத்தில் தவறணை உண்டு. இங்கே மரமேறிக் கள் இறக்கினால் வழக்கு. ஆலையில் வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்து பிராண்டி என்று லேபிள் ஒட்டினால் அரசே விற்கும்.

அரசின் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கள்ளில் குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்க மருந்தைக் கலந்த வரலாறு தென்னாட்டில் உண்டு. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்களின் உடல்களை வரிசையாகப் பார்த்த மாநிலம் இது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். திறந்த பாத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் அதிகாரிக்குக் கை நடுங்குவது இயல்பு. ஆனால் அந்தச் சாவுகள் நடந்தபோது கள்ளும் தடையில்தான் இருந்தது, பாட்டில் கடையும் திறந்துதான் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மலிவாக எதையாவது குடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவனை சீல் வைத்த பாட்டில் காப்பாற்றவில்லை. அவனுக்கு எட்டாத விலையில் அது அலமாரியில் இருந்தது.

சரி, டாஸ்மாக் கடையிலேயே பீர்க் குழாய் வைத்துவிடலாமா? வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒழுக்கத்தைக் காட்டி இதைச் சொல்லவில்லை. அச்சிட்ட விலைக்கு மேல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்கள் என்ற புகார் மாநிலம் முழுக்க ஆண்டுக்கணக்காக ஓடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற எண்ணை அச்சிட்டு ஒட்டியும் தீராத சண்டை அது. அங்கே போய் மில்லிலிட்டர் கணக்கில், நுரை போக எவ்வளவு என்று யார் பேசுவது? கடை ஊழியரையும் நினைத்துப் பாருங்கள். பகல் 12 மணியிலிருந்து இரவு 10 வரை கம்பிக்குப் பின்னால் நின்று, கூலிங் இல்லை என்பதற்கு வசவு வாங்கி, இரவில் பணத்தை எண்ணிக்கொண்டு பயத்தோடு வீட்டுக்குப் போகிறவர் அவர். பீர்க் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது கழுவாவிட்டால் உள்ளே பாசிபோல் படிந்து சரக்கு நாறிவிடும். ஃபிரிட்ஜே போதாத கடையில் இதற்கு யார் பொறுப்பு? தவிர, நம் கடைகளில் ஓடுவது ஸ்ட்ராங் பீர். போதைக்காக வாங்கப்படுவது. மெதுவாக ருசித்துக் குடிக்கிற கைவினைப் பீருக்கு நின்று பேசவே அங்கே இடமில்லை. பெருநகரங்களில் இருக்கிற டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் வேண்டுமானால் பரிசோதித்துப் பார்க்கலாம், அதனால் யாருக்கும் பெரிய நன்மையோ தீமையோ வந்துவிடாது.

கிரவுலரில் நமக்கு உடனடியாக வேண்டிய பாதி வேறு. அது உள்ளே இருக்கும் பீர் அல்ல, திரும்பி வருகிற ஜாடி.

திருநகரிலிருந்து தென்கால் கண்மாய்க் கரையில் நடந்தாலும், நிலையூர்ப் பக்கம் போனாலும், சரிவில் வெயில் பட்டுப் பளபளப்பது பாதி தண்ணீர், பாதி கண்ணாடி. மடைக்குப் பக்கத்தில் நிழல் இருக்கிறது, மறைவு இருக்கிறது. அங்கே உட்கார்ந்து குடித்தவர்கள் எழும்போது பாட்டிலைக் கல்லில் அடித்துவிட்டுப் போகிறார்கள். கண்மாய் பெருகும்போது அந்தச் சில்லுகள் மடை வழியே வயலுக்கு இறங்குகின்றன. நாற்று நடுகிறவர்கள் வெறுங்காலோடு சேற்றுக்குள் நிற்பவர்கள். முள் குத்தினால் இடம் தெரியும், கண்ணாடி கிழித்தது கரையேறி ரத்தத்தைக் கழுவும்போதுதான் தெரியும்.

இதே கண்ணாடி நீலகிரியில் யானைகளின் காலைக் கிழித்தபோது சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திரும்பத் தருகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பாட்டில்கள் திரும்பி வந்தன. ஊருக்கு ஊர் மைக் வைத்துப் பிரசாரம் செய்து சாதிக்க முடியாததைப் பத்து ரூபாய் சாதித்தது. பிறகு நீதிமன்றம் நெருக்க நெருக்க, மற்ற மாவட்டங்களுக்கும் கட்டங்கட்டமாக விரிந்தது. கேரளம் 2025-இல் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இருபது ரூபாய் என்று தொடங்கியது. ஸ்டிக்கர் ஒட்டுவது யார், காலிப் பாட்டில் மூட்டைகளை எங்கே அடுக்குவது என்ற ஊழியர்களின் முறையீடு நியாயமானது. வருவாயில் ஒரு துளியை எடுத்துக் கடைக்கு ஒரு தனி ஆளும் ஒரு கொட்டகையும் போட்டால் தீருகிற பிரச்சினை.

ஆனால் திரும்பி வந்த பாட்டில் எங்கே போகிறது? பீர் பாட்டிலுக்கு இந்தியாவில் பழைய வழி ஒன்று உண்டு. 650 மில்லி பாட்டில்கள் காயலான் கடை வழியாக ஆலைக்குத் திரும்பி, கழுவி, மறுபடி நிரப்பப்பட்டு வந்தன. கண்ணாடியில் தேய்ந்த வளையங்களைப் பார்த்தாலே அது எத்தனையோ கை மாறியது என்று தெரியும். கம்பெனிகள் தங்கள் பெயரைக் கண்ணாடியிலேயே புடைப்பாகப் பொறிக்கத் தொடங்கியதும் ஒருவர் பாட்டில் இன்னொருவருக்கு உதவாமல் போனது. பிராண்டி குவார்ட்டர் பாட்டிலின் கதை இன்னும் மோசம், ஆளுக்கொரு அச்சு. கழுவி நிரப்ப முடியாத பாட்டிலை உடைத்து உருக்கத்தான் வேண்டும், அதற்கு உலை எரிய வேண்டும். ஜெர்மனியில் பல ஆலைகள் ஒரே அச்சிலான பாட்டிலைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. பீர் பாட்டிலுக்கு எட்டு சென்ட் முன்பணம். எந்த ஆலை நிரப்பியது, எந்தக் கடை விற்றது என்று பாராமல் அந்தக் கண்ணாடி பல பத்து முறை சுற்றி வருகிறது.

தமிழ்நாட்டில் இதைச் செய்வது ஜெர்மனியைவிட எளிது. அங்கே ஆயிரக்கணக்கான கடைக்காரர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இங்கே வாங்குகிற கை ஒன்றுதான். இன்ன அச்சில் வராத பீரையும் குவார்ட்டரையும் கொள்முதல் செய்ய மாட்டோம் என்று டாஸ்மாக் ஒரு வரி எழுதினால் ஆலைகள் மறுக்க முடியாது. முழு ஏகபோகத்தை வைத்துக்கொண்டு வருவாயை மட்டும் பெருக்கிய நிறுவனம், ஒருமுறை அதே ஏகபோகத்தைக் கண்மாய்க்காகப் பயன்படுத்தட்டும்.

குழாயின் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அளந்து ஊற்ற ஒருவரை நம்புகிற நாள் வரும்போது அந்த உரிமை முதலில் பனையேறிக்குப் போக வேண்டும், பிறகுதான் பெங்களூர்ப் பீருக்கு. கூட்டுறவுச் சங்கம், பதிவு பெற்ற மரம், அன்றாடச் சோதனை, அன்றே விற்று முடிக்கும் கட்டுப்பாடு என்று அதற்கான விதிகளை எழுத அரசிடம் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அதுவரை மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை செய்ய வேண்டியவை இரண்டு: அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்தில் பாட்டிலுக்குப் பொது அச்சைக் கட்டாயமாக்குங்கள், பத்து ரூபாய்த் திட்டத்தில் திரும்பும் கண்ணாடி எவ்வளவு, அதில் கழுவி நிரப்பியது எவ்வளவு, உருக்கியது எவ்வளவு என்று மாவட்டவாரியாக ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வையுங்கள்.