பகையாளி வீட்டு விருந்து

மின்சார நிலையத்திலிருந்து உங்கள் வீட்டு விசிறிக்கு வந்து சேருவதற்குள், மின்சாரத்தில் ஒரு பகுதி வழியிலேயே கம்பியைச் சூடாக்கிவிட்டு மறைந்துவிடுகிறது. இஸ்திரிப் பெட்டி சூடாவதும் இதே காரணத்தால்தான். அங்கே சூடு நமக்கு வேண்டும். தெருக் கம்பியில் அது வெறும் நஷ்டம். கம்பிக்குள் ஓடும் எலெக்ட்ரான்கள் இடித்து மோதிக்கொண்டு போவதால் வருகிற வினை இது.

இடிக்காமல் மோதாமல் ஓடவும் எலெக்ட்ரான்களுக்குத் தெரியும். 1911-ல் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் என்பவர் பாதரசத்தைக் குளிரவைத்துப் பார்த்தார். குளிருக்கு ஓர் அடிமட்டம் உண்டு. அது பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரி. அந்த அடிமட்டத்துக்கு மேல் நாலு டிகிரி அளவுக்கு வந்ததும், பாதரசத்தில் மின்சாரத்துக்கு இருந்த தடை அடியோடு போய்விட்டது. இந்த மாதிரிப் பொருளைத்தான் சூப்பர் கண்டக்டர் என்கிறார்கள். எலெக்ட்ரான்கள் அங்கே இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துவிடுகின்றன என்று 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்ற மூன்று அமெரிக்கர்கள் விளக்கினார்கள். ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். ஜோடியில் ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கும்.

இந்தத் தாம்பத்தியத்துக்குப் பரம விரோதி காந்தம். காந்த அணு ஒன்று பக்கத்தில் இருந்தால் இரண்டு எலெக்ட்ரான்களையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும், ஜோடி பிரிந்துவிடும். 1958-ல் லாந்தனம் என்ற உலோகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கடோலினியம் கலந்தார்கள். அது காந்த குணம் உள்ளது. அந்த ஒரு பங்கே லாந்தனத்தின் சூப்பர் தன்மையைத் தீர்த்துக்கட்டிவிட்டது. பால் பானையில் ஒரு துளி மோர் விழுந்த கதைதான். ஆகவே, காந்த அணுக்கள் நிறைந்த பொருளில் சூப்பர் கண்டக்டரைத் தேடுவது வீண் வேலை என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

சீரியம், யுரேனியம் கலந்த சில கூட்டுப் பொருள்கள் அப்படிப்பட்டவைதாம். (சிகரெட் லைட்டரில் தீப்பொறி தெறிக்கிறதே, அந்தச் சின்னக் கல்லில் இருப்பது சீரியம்.) இவற்றில் சீரியம், யுரேனியம் அணு ஒவ்வொன்றிலும் காந்தம் குடியிருக்கிறது. நன்றாகக் குளிர்ந்ததும் ஓடுகிற எலெக்ட்ரான்கள் அந்தக் காந்தங்களோடு சிக்கிக்கொண்டு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு எடை கூடியதுபோல் நடந்துகொள்கின்றன. கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவள் சமையற்கட்டிலிருந்து மணவறைக்குப் போவதைக் கவனித்திருப்பீர்கள். பத்தடி தூரம்தான். அத்தை ஒரு வார்த்தை, சம்பந்தியம்மாள் ஒரு குறை, புடவைத் தலைப்பைப் பிடித்திழுக்கும் ஒரு குழந்தை. போய்ச் சேர அரைமணி ஆகிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள், அந்த அம்மாளுக்கு உடம்பு கனத்துவிட்டது என்றுகூட எண்ணலாம்! இந்தக் கனத்த எலெக்ட்ரான் பொருள்களுக்கு 'ஹெவி பெர்மியான்' என்று பெயர். பெர்மி என்ற இத்தாலிய விஞ்ஞானியின் பெயரால் வந்த குலப்பெயர் அது.

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது. 1975-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் யுரேனியமும் பெரிலியமும் சேர்ந்த ஒரு பொருளைக் குளிர்வித்தார்கள். அடிமட்டத்துக்கு மேல் ஒரு டிகிரிக்கருகில் தடை மறைந்தது. பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "உள்ளே சுத்த யுரேனியம் இழை இழையாகத் தங்கியிருக்கும், அதன் வேலை இது" என்று எழுதிவிட்டு அடுத்த காரியத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாஸ்திரம் அத்தனையும் அவர்கள் பக்கம் அல்லவா இருந்தது?

நாலு வருஷம் கழித்து ஜெர்மனியில் பிராங்க் ஸ்டெக்லிஷ் என்பவரும் அவருடைய சகாக்களும் சீரியம், செம்பு, சிலிகான் மூன்றும் சேர்ந்த பொருளில் அதே அதிசயத்தைக் கண்டார்கள். அரை டிகிரிக்கருகில் தடை போய்விட்டது. "அழுக்காக இருக்கும்" என்ற பேச்சு இங்கேயும் எழக்கூடும் என்று தெரிந்தே, அந்தப் பொருள் எவ்வளவு வெப்பம் வாங்குகிறது என்று அளந்தார்கள். அழுக்கு இழைகளின் வேலையானால் அந்த அளவில் பெரிய மாற்றம் தெரியாது. தெரிந்ததோ பிரமாதமான தாவல்! கனத்த எலெக்ட்ரான்களே ஜோடி சேர்ந்திருந்தன. இன்னொரு பரீட்சையும் நடந்தது. சீரியத்தை எடுத்துவிட்டுக் காந்தமில்லாத லாந்தனத்தை வைத்தார்கள். பழைய சாஸ்திரப்படி இதுதான் நன்றாக வேலை செய்யவேண்டும். செய்யவில்லை. காந்தம் இருந்த இடத்தில்தான் ஜோடியும் இருந்தது.

உடனே எல்லோரும் நம்பிவிடவில்லை. செம்பின் அளவு ஒரு சிட்டிகை மாறினால் சில துண்டுகளில் காந்தம் தலைதூக்கும், சிலவற்றில் சூப்பர் தன்மை. சந்தேகத்துக்குக் கேட்கவேண்டுமா? ஆனால் 1983-ல் சூரிக் நகரில் ஹான்ஸ் ருடால்ஃப் ஓட் என்பவர், பிஸ்க், ஸ்மித் என்ற அமெரிக்கர்களோடு சேர்ந்து, பெல் ஆராய்ச்சிச் சாலைக்காரர்கள் ஒதுக்கிவைத்த அதே யுரேனியம்-பெரிலியம் பொருளை மறுபடி அளந்தார். அது அசல் சூப்பர் கண்டக்டர்தான். எட்டு வருஷம் கைக்கெட்டிய தூரத்தில் கிடந்திருக்கிறது!

காந்தம் எப்படிக் கல்யாணத் தரகு வேலை பார்க்கிறது என்பதை அழுத்திப் பார்த்துக் கண்டுகொண்டார்கள். 1998-ல் கேம்பிரிட்ஜில் கில் லோன்சாரிச் என்பவரின் குழுவினர் சீரியம், பல்லேடியம், சிலிகான் சேர்ந்த படிகத்தை எடுத்தார்கள். சாதாரண நிலையில் அது சுத்தக் காந்தப் பொருள். குளிர்ந்ததும் உள்ளே ஒரு காந்தம் மேலே, அடுத்தது கீழே என்று வரிசைகட்டிவிடும். அதை நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 28,000 மடங்கு வரை நெருக்கினார்கள். கடலின் மிக ஆழமான இடத்தில்கூட அழுத்தம் சுமார் 1,100 மடங்குதான். நெருக்க நெருக்கக் காந்த வரிசை தளர்ந்தது. அது அடியோடு குலையும் அந்த விளிம்பில், அடிமட்டத்துக்கு மேல் 0.4 டிகிரியில், சூப்பர் தன்மை பிறந்தது! இன்னும் நெருக்கினால் அதுவும் போய்விடும். படிகம் மிகச் சுத்தமாகவும் இருக்கவேண்டும். வரிசையில் நிற்பதா, கலைவதா என்று காந்தங்கள் தத்தளிக்கின்றனவே, அந்தத் தத்தளிப்புத்தான் எலெக்ட்ரான்களைச் சேர்த்துவைக்கிறது என்றார்கள் கேம்பிரிட்ஜ்காரர்கள்.

2000-ல் யுரேனியம்-ஜெர்மானியம் பொருளில் கண்டது இதைவிட விசித்திரம். அதில் எல்லாக் காந்தங்களும் ஒரே பக்கம் பார்க்கும். அழுத்தத்தில் வைத்தபோது காந்தம் காந்தமாகவே இருக்க, சூப்பர் தன்மையும் கூடவே குடியேறியது.

"சரி, இதனால் கரண்ட் பில் குறையுமா?" என்று கேட்பீர்கள். குறையாது. இந்தக் குளிரை உண்டாக்க ஆகும் செலவில் தெருவுக்கே விளக்குப் போடலாம். ஆனால் 1986 முதல் கண்டுபிடிக்கப்பட்ட செம்பு ஆக்ஸைடு சூப்பர் கண்டக்டர்கள் இருக்கின்றன. அவற்றில் சில, எளிதில் கிடைக்கிற திரவ நைட்ரஜன் குளிரிலேயே வேலை செய்யும். அவையும் காந்தத்தின் அண்டை வீட்டில் பிறந்தவைதாம். அவற்றில் ஜோடி எப்படிச் சேருகிறது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் சோதிக்க வாகான கனத்த எலெக்ட்ரான் பொருள்கள் அந்த வழக்கில் நல்ல சாட்சிகள்.

சாட்சிகள் ஒரே மாதிரி பேசுவதில்லை என்பதுதான் சங்கடம். 2019-ல் யுரேனியமும் டெல்லூரியமும் சேர்ந்த ஒரு பொருளைப் பற்றி அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள். அழுத்தாமலே 1.6 டிகிரியில் அது சூப்பர் கண்டக்டர். காந்த வரிசை எதுவும் அதில் இல்லை. அழுத்தினால் அந்த அளவு சுமார் 3 டிகிரி வரை ஏறுகிறது. காற்றழுத்தத்தைப்போல் 15,000 மடங்கைத் தாண்டி நெருக்கும்போது சூப்பர் தன்மை விடைபெற்றுக்கொள்கிறது. அதுவரை இல்லாத காந்த வரிசை வந்து உட்கார்ந்துகொள்கிறது.